உலகம் அழிய இருந்த வெள்ளிக்கிழமை

ஞாயிற்றுக்கிழமை காலையில் மருதுபாண்டி எங்கள் வீட்டு வாசலில் டிராக்டரை நிறுத்தினான். இஞ்சினை அணைக்கவில்லை. அணைக்கவில்லை என்றால் வேலைக்கு வரவில்லை, வாயடித்துவிட்டுப் போக வந்திருக்கிறான் என்று அர்த்தம். நான் விதைச் சோளத்தைச் சாக்கில் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

"என்ன மதினி, மும்முரமா இருக்கீக? வெள்ளிக்கிழமை உலகம் அழியுதாம்ல. ஒங்களுக்குச் சேதி வரலையா?" என்று வண்டிச் சத்தத்துக்கு மேல் கத்தினான்.

"அழியட்டும். அதுக்கு முன்னாடி நம்ம காட்டை ஒரு உழவு ஓட்டி விட்ருங்க" என்றேன்.

"அழியப்போற காட்டுக்கு உழவு எதுக்கு? டீசல் செலவுதான்" என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போய்விட்டான். நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருக்க முடியாது. அவன் என் வீட்டுக்காரரின் சித்தப்பா மகன், எனக்குக் கொழுந்தன். எங்கள் பக்கத்தில் மதினியைக் கேலி பேச கொழுந்தனுக்கு முறை இருக்கிறது. அவன் என்ன சொன்னாலும் மதினி பதிலுக்கு ஒன்று சொல்லலாம், மஞ்சள் தண்ணீரைத் தலையில் ஊற்றலாம், கோபம் மட்டும் படக் கூடாது. கேலிக்குக் கோபப்பட்டவள் என்று பெயர் வாங்கினால் அது லேசில் போகாது. யார் இந்தச் சட்டத்தைப் போட்டார்களோ, நிச்சயம் அவர் மதினியாக இருந்திருக்க மாட்டார், யாருக்கோ கொழுந்தனாகத்தான் இருந்திருப்பார்.

உலகம் அழிகிற கதை போனில் வந்தது. ஐரோப்பாவில் பூமிக்கு அடியில் ஒரு வட்டமான சுரங்கம் இருக்கிறதாம், அருப்புக்கோட்டையில் புறப்பட்டுத் திருச்சுழி போய்த் திரும்புகிற அளவுக்கு நீளமாம். அதற்குள் துகள்களை எதிரெதிரே ஓடவிட்டு மோத வைக்கிறார்களாம். வருகிற வெள்ளிக்கிழமை முழு வேகத்தில் மோதும்போது ஒரு கருந்துளை பிறந்து, அந்த ஊரையும் பிறகு நம் ஊரையும் விழுங்கிவிடுமாம். பின்னணியில் உடுக்கைச் சத்தம் வேறு. சுரங்கம் இருப்பது நிஜம். மற்றதெல்லாம் எவனோ பழைய பயத்தைத் தூசி தட்டித் தேதி மட்டும் மாற்றிப் போட்டது. நான் அருப்புக்கோட்டையில் பி.எஸ்ஸி. இயற்பியல் படித்தவள். அதனால் அன்று சாயங்காலம் குழாயடியில் என்னைக் கேட்டார்கள். நானும் புத்தி இல்லாமல் விளக்கினேன். வானத்திலிருந்து அதைவிட வேகமான துகள்கள் நாள் முழுக்க நம் தலையில் விழுந்துகொண்டுதான் இருக்கின்றன, கோடிக்கணக்கான வருஷமாக விழுகின்றன, பூமி அப்படியேதான் இருக்கிறது என்றேன். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். மறுநாள் காலையில் மருதுபாண்டி தலையில் துண்டைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு தெருவில் வந்தான். "மதினி சொன்னாக, வானத்துல இருந்து என்னமோ விழுகுதாம்" என்று வீட்டுக்கு வீடு நின்று சொல்லிக்கொண்டே போனான். படித்த படிப்பு எனக்கு வாங்கிக் கொடுத்த ஒரே மரியாதை அதுதான்.

என் அவசரம் ஒருவருக்கும் புரியவில்லை என்று சொன்னால் பொய். எல்லோருக்கும் புரியும். புரட்டாசி முடிகிற நேரம். கரிசல் காட்டில் மழைக்கு முன்னால் காய்ந்த புழுதியில் விதையைப் போட்டு, மேலே டிராக்டரை ஒரு தடவை ஓட்டி மூடிவிட வேண்டும். விதை உள்ளே படுத்துக் கிடக்கும். முதல் மழை விழுந்ததும் முளைத்துவிடும். மழை முந்திவிட்டால் போச்சு. கரிசல் குழைந்துவிடும், டிராக்டர் உள்ளே இறங்காது, அடுத்தடுத்து மழை பெய்தால் ஐப்பசி முழுக்கவும் இறங்காது. எங்களுக்கு நாலு குறுக்கம், அதாவது ஏறத்தாழ நாலு ஏக்கர். ஆறு வருஷம் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்ததை இந்தச் சித்திரையில் நான்தான் ஆள் வைத்து வேரோடு பிடுங்கினேன். என் வீட்டுக்காரர் மதன்குமார் திருப்பூரில் லோடு வண்டி ஓட்டுகிறார். அவருக்குக் காட்டின் மேல் பிடிப்பு இல்லை. "இந்த ஒரு வருஷம் பாரு ரேணுகா. வெளையலன்னா சோலார்காரங்க கேக்குறாங்க, முப்பது வருஷத்துக்கு எழுதிக் குடுத்துட்டு நீயும் இங்க வந்துரு" என்று சொல்லியிருந்தார். எனக்குத் திருப்பூர் வேண்டாம். ஒற்றை அறையில் பனியன் துணி வெட்டிக்கொண்டு கிடக்க என்னால் முடியாது. நான் முள் பொறுக்கிய காட்டில் கண்ணாடிப் பலகைகளை நட்டு வைப்பதைப் பார்க்கவும் முடியாது. எனக்கு ஒரு வெள்ளாமை வேண்டும், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை மருதுபாண்டி ரெட்டியபட்டிப் பக்கம் ஓட்டப் போய்விட்டான். வெளியூர்க்காரர்களைக் காக்க வைத்தால் வேறு வண்டியைப் பார்த்துப் போய்விடுவார்கள், பங்காளி வீட்டார் எங்கே போய்விடப் போகிறார்கள் என்ற கணக்கு. அது உண்மையும்கூட. செவ்வாய்க்கிழமை மத்தியானம் பரளச்சிக்காரர் ஒருவர் பக்கத்துக் காட்டை உழுது முடித்துவிட்டு வரப்போரம் வண்டியை நிறுத்தினார். "என்னம்மா, இதையும் சேத்து ஓட்டிரட்டுமா? ரெண்டு மணி நேர வேலை" என்றார். விதை வீட்டில் தயாராக இருந்தது. ஓடிப்போய் எடுத்து வந்திருக்கலாம். ஆனால் பங்காளி வண்டி ஊரில் இருக்கும்போது வெளி வண்டியைக் காட்டில் இறக்கினால், இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை முறிந்துவிட்டது என்று ஊருக்குத் தமுக்கு அடித்த மாதிரி. பிறகு நல்லது கெட்டதுக்கு வாசற்படி ஏற முடியாது. "இல்லண்ணே, எங்க கொழுந்தன் வாரேன்னு சொல்லியிருக்காக" என்றேன். அவர் நல்ல மனிதர், மேற்கொண்டு கேட்கவில்லை.

புதன்கிழமை நான் பஸ் நிறுத்தத்துக்குப் போனேன், திருச்சுழி தாலுகா ஆபீசில் ஒரு சிட்டா நகல் வாங்க வேண்டியிருந்தது. டீக்கடையில் மருதுபாண்டி நடுவில் உட்கார்ந்திருந்தான், சுற்றி ஏழெட்டுப் பேர். எதிரே அவன் டிராக்டர் மரத்தடியில் சும்மா நின்றது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று கும்பிட்டான்.

"இந்தா வந்துட்டாக. ஏலே, எல்லாரும் எந்திரிச்சு ஒரு மனுக் குடுங்கலே. நம்ம மதினி இங்கிலீசுல ஒரு போனு போட்டா அந்த மிசினை ஆப் பண்ணிருவாக. வெள்ளிக்கிழமைய ஞாயித்துக்கிழமைக்காச்சும் மாத்தச் சொல்லுங்க மதினி, வெள்ளிக்கிழமை எனக்குக் கறி ஆகாது. சாகப்போற அன்னைக்குப் பருப்புச்சோறா திங்கிறது?"

கடையே சிரித்தது. டீ ஆற்றுகிறவர்கூடக் கையை நிறுத்திவிட்டுச் சிரித்தார். அது நல்ல கேலிதான், இன்னொரு நாளாக இருந்தால் நானே ரசித்திருப்பேன். அன்றைக்கு எனக்கு உள்ளே என்னவோ அறுந்துவிட்டது.

"சிரிச்சது போதும்" என்றேன். "உழ மனசில்லன்னா மனசில்லன்னு சொல்லுங்க. மூணு நாளா உலகத்தைச் சாக்குச் சொல்லிக்கிட்டு அலையாதீக. உங்களுக்கு வெளையாட்டு. எனக்கு இந்தக் காடு போயிரும்."

மருதுபாண்டியின் முகம் சின்னப் பிள்ளையின் முகம் மாதிரி சுருங்கிப் போயிற்று. "சரி மதினி" என்று மட்டும் சொல்லிவிட்டு, பாதி டீயை வைத்துவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு போனான். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகும் அதையே திருப்பித் திருப்பி நினைத்தேன். நான் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பு இல்லை. ஆனால் தப்பு செய்தவள் நான்தான் என்று அந்தக் கடை முழுக்க முடிவு செய்ததை என் கண்ணால் பார்த்தேன். எனக்கே அப்படித்தான் தோன்றியது, அதுதான் கொடுமை.

சாயங்காலம் அவன் பெண்டாட்டி முருகலட்சுமி வந்தாள். உட்காரச் சொன்னேன், நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "என்னக்கா நீங்க. கேலிக்குச் சொன்னதுக்கு நாலு பேரு மத்தியில அப்படிப் பேசிட்டீக. அவுக மத்தியானம் சாப்பிடவே இல்ல" என்றாள். உழவைப் பற்றி அவளும் பேசவில்லை. அன்று ராத்திரி போனில் வீட்டுக்காரரும் அதையே வேறு மாதிரி சொன்னார். "அவன் வெள்ளந்தி. நீ படிச்சவ, நீதான் எறங்கிப் போகணும். போய்ச் சிரிச்சு ரெண்டு வார்த்தை பேசிரு. வண்டி வேணுமா, வேணாமா?"

வண்டி வேண்டும். அதனால் வியாழக்கிழமை மத்தியானம் நான் மருதுபாண்டி வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டுப் பிரயோஜனம் இல்லை, கேலியில் விழுந்த கீறலைக் கேலியால்தான் மூட வேண்டும். ஆகவே வழியெல்லாம் ஒரு கேலியை யோசித்துக்கொண்டே போனேன். முப்பத்து நாலு வயதுப் பொம்பளை, உச்சி வெயிலில், பரீட்சைக்குப் போகிறவள் மாதிரி ஒரு நகைச்சுவையை உருப்போட்டுக்கொண்டு நடந்ததை நினைத்தால் எனக்கே கேவலமாக இருக்கிறது. கிழக்கே மேகம் ஏறியிருந்தது. காற்று சுத்தமாக நின்றுவிட்டது, வேலிச் செடி ஒன்றுகூட ஆடவில்லை.

அவன் கட்டிலில் படுத்துக் கூரை மோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் உள்ளே போனதும் எழுந்து உட்கார்ந்தான்.

"கொழுந்தனாரே" என்றேன், "நாளைக்கு எல்லாரும் மேல போறோம். ஊரே வெதைச்ச காட்டோட வந்து நிக்கும், நான் மட்டும் வெறுங்காட்டோட நிப்பேன். எமன் கேட்டா, எங்க கொழுந்தன் கைகாரரு, உலகம் அழிஞ்ச பெறகு உழுது தாரேன்னாருன்னு ஒங்களைத்தான் காட்டிக் குடுப்பேன். அப்பறம் ஒங்களை அங்கயும் கலப்பையில பூட்டிருவாக. பாத்துக்கோங்க."

ஒரு நொடி என்னைப் பார்த்தான். பிறகு தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தான். "ஏய் லட்சுமி, கேட்டியா? இதுதான் மதினி. நேத்து வந்தது யாரோ. காப்பியைப் போடு" என்று கத்தினான். அவன் கண்ணில் உண்மையாகவே தண்ணீர் நின்றது. அவன் என்னைத் துன்பப்படுத்த நினைக்கவில்லை என்பது அப்போது எனக்கு நன்றாகத் தெரிந்தது. அவனுக்குக் கேலி பேச நான் வேண்டும், என் காட்டு வேலைதான் அப்புறம். "காலையில மொத நடை ஒங்க காடுதான். ஆறு மணிக்கு வண்டி அங்க நிக்கும்" என்றான்.

"இப்பவே வாங்களேன். வானம் ஒரு மாதிரியா இருக்கு."

"டீசல் இல்ல மதினி, திருச்சுழி போய்த்தான் வாங்கிட்டு வரணும். இந்த வானம் இப்படித்தான் பத்து நாளா ஏமாத்துது. அழியுறதுக்கு இன்னும் ஒரு ராத்திரி கெடக்குல்ல?"

நான் சிரித்தேன். காப்பியைக் குடித்துவிட்டுச் சிரித்த முகத்தோடு வீட்டுக்கு வந்தேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு அவன் மேல் கோபம் வரவில்லை, என் மேல்தான் ஆத்திரமாக வருகிறது.

ஐந்து மணிக்கு முதல் சொட்டு விழுந்தது. ஐந்தேகாலுக்கு எதிர்வீடு தெரியவில்லை. ஊர் முழுக்கத் தெருவுக்கு வந்துவிட்டது. ஆம்பளைகள் சட்டையைக் கழற்றிவிட்டு நின்றார்கள், யாரோ போனைத் தூக்கிப் பிடித்து வெளியூரில் இருக்கிற மகனுக்கு மழையைக் காட்டினார்கள். முருகலட்சுமி தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஓடி வந்தாள். "அக்கா, மழைக்கா! எம்புட்டு மழை!" என்று என் கையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்தாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்துக் கையை விட்டாள். நான் உள்ளே போய் விதைச் சாக்கின் பக்கத்தில் உட்கார்ந்தேன். இந்தச் சீமையில் மழையைத் திட்டின பொம்பளை என்று ஒருத்தி இருக்க முடியாது. வாயைத் திறக்காமல் மனதுக்குள் திட்டினேன். மேகத்தை, டீசலை, என் சிரிப்பை, எல்லாவற்றையும் திட்டினேன். வெளியில் அவர்கள் சிரித்துக்கொண்டே இருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை நன்றாக விடிந்தது. ஆறு மணிக்கு, சொன்ன சொல் மாறாமல், மருதுபாண்டி எங்கள் காட்டோரத்துத் தார்ரோட்டில் வண்டியோடு நின்றான். சுற்றிலும் எல்லார் காடும் ஒரே மாதிரிக் கறுப்பாகப் பளபளத்தது. அவர்கள் காட்டுக்குள் விதை கிடக்கிறது, எங்கள் காட்டுக்குள் கிடக்கவில்லை. பார்வைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. நான் சோளத்தை மடியில் கட்டிக்கொண்டு, ஒரு கம்பை எடுத்துக்கொண்டு உள்ளே இறங்கினேன்.

"மதினி, கால் வைக்காதீக. காயட்டும்" என்று ரோட்டில் இருந்து சொன்னான்.

"எப்பக் காயும்?"

அவன் கிழக்கே பார்த்தான். நான் கம்பால் குத்திக் குழி போட்டு, மூன்று விதையைப் போட்டு, மண்ணைத் தள்ளி மூடினேன். காலைத் தூக்கினால் பாதத்தோடு ஒரு பெட்டி மண் வந்தது. நாலு குறுக்கத்தையும் இப்படிக் குத்தி முடிக்க முடியாது என்று எனக்குத் தெரியும். அடுத்த குழி. அதற்கு அடுத்த குழி.

"உலகந்தான் அழியலையே மதினி" என்றான் மருதுபாண்டி. குரல் தணிந்திருந்தது. "நாள் கெடக்குல்ல. பாத்துக்கிருவோம்."

அவன் கேலிக்குச் சொல்லவில்லை. ஆறுதலுக்குச் சொன்னான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சிரிக்கவும் வரவில்லை, கோபப்படவும் முறை இல்லை. திரும்பிப் பார்க்காமல் பதினோரு குழி வரைக்கும் போட்டேன். முழங்கால் வரை மண் ஏறிவிட்டது. பன்னிரண்டாவது குழியைக் குத்திவிட்டு மடியில் கையை விட்டேன். விதையை எடுப்பதற்குள் அந்தக் குழியில் தண்ணீர் ஊறி நின்றது.