கோளாறு கருவியில்தான்

வீட்டில் ஒரு பொருள் மக்கர் செய்தால், ஐயோ, கெட்டுப்போயிருக்கக் கூடாதே என்றுதான் யாரும் பதறுவார்கள். நானோ அந்த வாரம் முழுக்க, இது கெட்டுத் தொலைந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

பொருள் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கணினித் திரைக்கு மேலே உட்கார்ந்திருக்கும் ஒரு சின்னக் கேமரா, அதோடு ஒரு கிளிப். என் கணவர் மாட்டிக்கொள்ளும் ஹெட்போனின் பக்கவாட்டில் கிளிப்பைச் செருகினால், அதிலிருக்கும் மூன்று குட்டி விளக்குகளைக் கேமரா பார்த்துக்கொண்டே இருக்கும். அந்த வெளிச்சம் நம் கண்ணுக்குத் தெரியாது, அதற்குத் தெரியும். அவர் தலையை இடது பக்கம் திருப்பினால் திரையில் விமானி பார்க்கிற பார்வையும் இடது பக்கம் திரும்பும். நிமிர்ந்தால் வானம், குனிந்தால் காலடி. விமானம் ஓட்டுகிற விளையாட்டு அது. விளையாட்டு என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். அதனாலேயே நான் அப்படித்தான் சொல்வேன்.

அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். அந்தரத்தில் தொங்குகிற கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, இரண்டு கால்களுக்கு நடுவே கீழே பார்த்துப் பார்த்துச் சரக்குப் பெட்டிகளைத் தூக்கிவைக்கிற வேலை. கூட வேலை பார்த்தவர்கள் அவருக்கு வைத்த பெயர் காக்கா. "உசரத்துல உக்காந்துக்கிட்டு கீழயே பாத்துக்கிட்டிருந்தா வேற என்னன்னு கூப்பிடுவாங்க?" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். கடல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் வேலை நேரத்தில் ஒரு நாள்கூட நிமிர்ந்து அதைப் பார்க்கவில்லை என்பது அவருக்குத் தீராத குறை.

பிறகு நோய் வந்தது. நரம்பு தளர்ந்துகொண்டே போகிற நோய். முதலில் வலது கை, அப்புறம் கால்கள். எங்கள் டாக்டர் பூசி மெழுகத் தெரியாத பெண். "இனிமே கழுத்தைக் கவனிங்க. தலை நிக்காம இறங்க ஆரம்பிச்சா உடனே எனக்குச் சொல்லணும். கழுத்துக்கு அடுத்தது மூச்சு" என்றார். மூச்சுக்கு அடுத்து என்ன என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. திரும்பி வருகிற வழியெல்லாம் இவர் வண்டியின் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். "கழுத்து கல்லு மாதிரி இருக்கு" என்று மட்டும் ஒரு தடவை சொன்னார்.

வலது கை போன பிறகு விமானத்துக்குள் அக்கம்பக்கம் பார்க்கிற பொத்தான்களை அழுத்த முடியவில்லை. இடது கை விமானத்தை ஓட்டுகிற ஸ்டிக்கைப் பிடிப்பதற்கே சரியாக இருந்தது. அப்போதுதான் என் கொழுந்தன் இந்தக் கருவியைக் கொண்டுவந்து மாட்டினான். அவன் பைக்குள் கையை விட்டால் ஒயரைத் தவிர எதுவும் வராது, அதனால் வீட்டில் அவனுக்குப் பெயரே ஒயர். "கை எதுக்குண்ணா? அதான் கழுத்து இருக்கே!" என்றான். தலையை இத்துனூண்டு திருப்பினால் போதும், திரையில் பாதி உலகம் திரும்பியது. சின்ன அசைவைப் பெரிதாக்கிக் காட்டுவதுதான் அதன் வேலையே. முதல் நாள் இவர் தலையை லேசாகத் திருப்பி, இறக்கைக்கு அந்தப் பக்கம் கிடந்த கடலைப் பார்த்துவிட்டு, "அடியேய், இங்க வந்து பாரேன்" என்று கூப்பிட்ட குரலைக் கேட்டு நான் அடுப்பை அணைக்காமல் ஓடினேன். அப்படி ஒரு சந்தோஷம்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் சாயங்காலம், "பார்வை கீழ இறங்குது" என்றார்.

வந்து பார்த்தேன். திரையில் கடலும் வானமும் சேர்கிற கோடு மெல்ல மேலே நகர்ந்து போனது. அதற்குக் கீழே வட்ட வட்டமான மீட்டர்கள் வந்தன. பிறகு அவையும் போய், விமானியின் காலடியில் இருக்கிற பெடல்கள் வந்து நின்றன. 'இதுதான் நேர்' என்று கருவிக்குச் சொல்ல ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் கடல் திரும்ப வரும். கொஞ்ச நேரம் நிற்கும். மறுபடி நழுவும்.

"சனியன், கிரேன்ல பாத்ததையே காட்டுது" என்றார் அவர்.

நான் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். தைத்து வருகிற சட்டைகளில் குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள். காலர் நூலளவு சாய்ந்திருந்தால்கூட என் மேஜையைத் தாண்டாது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவர் தலையைப் பார்த்தேன். முன்னால் நின்று பார்த்தேன், பக்கவாட்டில் நின்று பார்த்தேன். தலை நேராகத்தான் இருந்தது. அப்படியானால் குறை கருவியில்தான். வேறு எங்கே இருக்க முடியும்? அன்றிலிருந்து தொடங்கியது என் வேண்டுதல்.

விடுமுறை நாள் மத்தியானம் ஒயர் வந்தான். செருப்பைக் கழற்றும்போதே, "வெயில்தான் அண்ணி. ஜன்னல் வழியா வர்ற வெளிச்சத்தையும் இது விளக்குன்னு நினைச்சுக்கும்" என்றான். எனக்குப் பாதி உயிர் வந்தது. ஜன்னலில் படுக்கை விரிப்பை மாட்டினேன். அலமாரிக் கண்ணாடியில் பேப்பர் ஒட்டினேன். இவருடைய மூக்குக் கண்ணாடியின் ஃபிரேம் மின்னுகிறது என்று அவன் சொன்னதும் அதையும் கழற்றினேன்.

"இப்ப கடலே தெரியலை. அது இறங்கினா என்ன, ஏறினா என்ன?" என்றார் இவர்.

கண்ணாடியைத் திரும்ப மாட்டிவிட்டேன். பார்வை மெல்ல இறங்கியது.

கிளிப் நழுவுகிறதோ என்று அதை டேப் போட்டு இறுக்கினான். இறங்கியது. கேபிளை மாற்றினான், கணினியின் பின்பக்கம் வேறு இடத்தில் செருகினான். இறங்கியது. பிறகு கேமராவைத் தாங்குகிற திருகைத் தொட்டுப் பார்த்தவன், "அட, லூசா இருக்கே!" என்றான். அவன் வாயில் சர்க்கரையைக் கொட்டலாம் போல் இருந்தது எனக்கு. "அப்ப கேமராதான் தலையைத் தொங்கப்போட்டிருக்கு! இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்று சத்தமாகச் சிரித்தேன். இவர் சிரிக்கவில்லை. திருகை இறுக்கினான். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கடல், மீட்டர்கள், பெடல்கள்.

"நல்ல சாமான் வாங்கத் தெரியுதா உனக்கு? பெரிய கழுத்தறுப்பாப் போச்சு!" என்று ஒயர்மேல் பாய்ந்தேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று என் காதில் விழுந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். இவர்தான், "அறுக்கிறதுக்கு முதல்ல அது நிக்கணுமே" என்று மெதுவாகச் சொன்னார். பல வருஷமாக என்னை வம்புக்கிழுத்தே பழகிய மனுஷன். அன்றைக்கு எனக்கு அவரை அடிக்க வேண்டும் போல் இருந்தது. அழ வேண்டும் போலவும் இருந்தது.

ஒயர் கடைசியாகத் தன் வீட்டில் இருந்த கேமராவைப் பையிலிருந்து எடுத்தான். முதலிலேயே அதை எடுத்து மாட்டியிருக்கலாம். ஏன் கடைசிவரை வைத்திருந்தான் என்பது அது வேலை செய்யத் தொடங்கியதும் புரிந்துவிட்டது. அதிலும் பார்வை இறங்கியது. அதே மாதிரி, அதே நிதானத்தில்.

தண்ணீர் குடிக்கப் போகிற மாதிரி அவன் சமையலறைக்குப் போனான். நான் பின்னாலேயே போனேன்.

"அண்ணி, ஒண்ணு சொல்லவா?"

"சொல்லாதே."

"இந்த மாதிரி கேமரால இப்படிக் கொஞ்சம் கொஞ்சமா இறங்குற கோளாறே வராது அண்ணி. படக்குனு துள்ளும், இல்லன்னா அப்படியே நின்னு போயிடும். இப்படி இறங்காது. அண்ணன் போன்ல சொன்ன அன்னைக்கே எனக்குச் சந்தேகம் வந்துடுச்சு."

"நான் பாத்தேனேப்பா. தலை நேராத்தான் இருக்கு."

"நம்ம கண்ணுக்குத் தெரியாது அண்ணி. அது பெருசாக்கிக் காட்டுது, அதான் முதல்லயே தெரியுது." அவன் டம்ளரைக் கழுவினான். கழுவிய டம்ளரையே மறுபடி கழுவினான். "டாக்டர் கண்டுபிடிக்க இன்னும் கொஞ்ச நாள் ஆகியிருக்கும்."

"உன் வேலையைப் பாத்துக்கிட்டுப் போ" என்றேன். பாவம், அவன் அதைத்தான் செய்துகொண்டிருந்தான்.

அறைக்குத் திரும்பினபோது இவர் எங்களுக்காகக் காத்திருந்தார். "ரெண்டு பேரும் பேசி முடிச்சாச்சா?" என்றார். "ஒண்ணை மட்டும் யாரும் செய்யலை. வேற தலையில மாட்டிப் பாருங்க."

"என் தலை பெருசுண்ணா, அந்த ஹெட்போன் சேராது" என்றான் ஒயர். சாக்குச் சொல்லக்கூடத் தெரியாத பிள்ளை.

"அப்ப நீ உக்காரு" என்றார் என்னிடம்.

அவருடைய சக்கர நாற்காலியை என் வலது பக்கமாகத் தள்ளி, தலை சாய்ந்துகொள்ளும்படி பின்னால் சரித்துவைத்தேன். ஹெட்போனை அவரிடமிருந்து கழற்றினேன். அது இன்னும் சூடாக இருந்தது. மேஜைக்கு முன் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து மாட்டிக்கொண்டேன். ஒயர் 'நேர்' பொத்தானை அழுத்தினான். விமானம் தன் போக்கில் போகும்படி ஏற்கெனவே செய்துவைத்திருந்தான். எனக்கு ஓட்டத் தெரியாது, பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

கடல் தெரிந்தது. மேலே வெளுத்த வானம், கீழே கடல், நடுவே கோடு. சும்மா சொல்லக் கூடாது, அழகாகத்தான் இருந்தது.

இறங்கு, என்று அதனிடம் சொன்னேன். மனதுக்குள் கெஞ்சினேன். இறங்கித் தொலையேன். என் தலையில் ஒரு நோயும் இல்லை, எனக்கும் இறங்கினால் இவர் பிழைத்தார். கோடு இருந்த இடத்திலேயே இருந்தது. ஒரு மேகத்தைத் தாண்டினோம். கோடு அப்படியே நின்றது. இன்னொரு மேகத்தைத் தாண்டினோம். என் மேஜைக்கு வருகிற சட்டைகளில் நூறில் ஒன்றுகூட அவ்வளவு நேராக இருந்ததில்லை. பின்னால் ஒயர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

என்ன செய்கிறோம் என்று யோசித்துச் செய்யவில்லை. தலையைக் கொஞ்சமாகத் தாழ்த்தினேன். நூலளவு. கோடு மேலே நகர்ந்தது. இன்னும் நூலளவு. மீட்டர்கள் வந்தன.

"பாத்தீங்களா!" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. "எனக்கும் இறங்குது! நேராத்தான் உக்காந்திருக்கேன், இறங்குது பாருங்க! நான்தான் முதல்லேருந்து சொல்றேனே. கோளாறு கருவியிலதான். கடைக்காரன் தலையில கொண்டுபோய்க் கட்டிட்டு வா தம்பி."

நான் இன்னும் குனிந்தேன். பெடல்கள் வந்தன. வாழ்நாள் முழுக்க ஊரில் எவன் முன்னாலும் தலை குனிய மாட்டேன் என்று திமிராகத் திரிந்தவள் நான். அன்றைக்கு எவ்வளவு வேண்டுமானாலும் குனிந்திருப்பேன், தரையில் முட்டுகிறவரைக்கும்.

"நிமிரு" என்றார் இவர்.

"இல்லைங்க, இது தானாத்தான்..."

"நிமிருடி. எனக்குக் கடல் தெரியலை."

கோபமாகச் சொல்லவில்லை. ஏதாவது கெட்ட வார்த்தை சொல்லித் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நிமிர்ந்தேன். பெடல்கள் போயின, மீட்டர்கள் போயின, கடல் வந்தது. வந்து அப்படியே நின்றது.

ஒயர் தன் கேபிள்களைச் சுருட்டக்கூட இல்லை. போன் வந்த மாதிரி எதையோ முணுமுணுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

"நாளைக்கு டாக்டருக்கு போன் போட்டுச் சொல்லிடு" என்றார் இவர்.

"ம்."

"பயமாத்தான் இருக்கு."

எனக்கும்தான் என்றாவது சொல்லியிருக்கலாம்.

"சரி, இடது பக்கம் பாரு. கரை தெரியும்."

இத்துனூண்டு திருப்பினேன். இறக்கை வந்தது, அதற்கு அந்தப் பக்கம் வெள்ளை நுரையோடு கரை வந்தது.

"இன்னும் கொஞ்சம். போதும், போதும். திரும்ப நேரா வா. கொஞ்சம் மேல. ஆங், அப்படியே இரு."

அப்படியே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவர் பேச்சு நின்றுவிட்டது. வலது பக்கத்திலிருந்து மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. கொஞ்சம் இழுத்து, கொஞ்சம் நின்று வந்தது. போன வாரம் இப்படி வந்ததா என்று எனக்கு ஞாபகமில்லை. தலை சாய்மானத்தை விட்டு முன்னால் சரிந்துவிட்டதா, அழுகிறாரா, ஒன்றும் தெரியவில்லை. என் கண் நிறைந்து கடலும் வானமும் ஒன்றாகக் கலங்கின. துடைக்கத் தலை குனியவில்லை.

ஒரு தடவை திரும்பி அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று அப்படி இருந்தது. திரும்பினால் அவருக்குக் கடல் போய்விடும். அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.