ஏழாம் எண்ணுக்கு இரண்டு பேர்

1

இந்தக் கதை ஒரு சுவரிலிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். புக்கிட் செலம்பாவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஷஃபிக், கடையின் பக்கச் சுவரில் மூன்று கூடைப்பந்து ஆட்டக்காரர்களை வரையப்போவதாக அறிவித்தார். கோலா கெத்தில், சுங்கை லாலாங், புக்கிட் செலம்பாவ் என ஊருக்கு ஒருவர். அந்தந்த ஊர் பெற்றெடுத்தவர்களில் ஆகச் சிறந்தவர். யார் யார் என்பதை வாடிக்கையாளர்களே பேசி முடிவு செய்யலாம் என்றார். பேசுகிறவர்களுக்குத் தொண்டை காயும், தேநீர் போகும் என்பது அவருக்குத் தெரியும்.

மூன்று வாரம் பேசினார்கள். கோலா கெத்திலுக்கு லோகேஸ்வரி. மாநில மகளிர் அணிக்கு ஆடியவர், அதில் தகராறு இல்லை. ஆனால் அவர் இரண்டு வருடம் சுங்கை லாலாங்கில் வாடகைக்கு இருந்தார், ஆகவே பாதி லோகேஸ்வரி எங்களுக்குச் சேர வேண்டும் என்று சுங்கை லாலாங்காரர்கள் வாதாடினார்கள். பாதியை வரைய ஓவியர் ஒப்பவில்லை. [ஓவியர் பெயர் பரஞ்சோதி. இந்தக் கதையில் அவருக்கு வேறு வேலை இல்லை.] கடைசியில் மணியத்துக்கு இறங்கி வந்தார்கள். மணியம் உயரமானவர். அவரைப் பற்றி வேறு எதுவும் யாருக்கும் நினைவில்லை, எனவே எதிர்ப்பும் இல்லை.

எங்கள் ஊரான புக்கிட் செலம்பாவுக்குத்தான் சிக்கல்.

2

தொடக்கம் ஒன்று: "1999ஆம் ஆண்டு, சீனப்பள்ளித் திடலின் மேல் கருமேகங்கள் திரண்டு—"

திரளவில்லை. மண்டையைப் பிளக்கும் வெயில். கதைக்குக் கனம் சேர்க்க மழையைக் கொண்டுவரப் பார்த்தேன்.

தொடக்கம் இரண்டு: "ஆட்டக்காரர்கள் எட்டு, ஜெர்சி ஆறு."

இது உண்மை என்பதால் இருக்கட்டும். எங்கள் தோட்டத்து அணிக்கு யாரோ நன்கொடையாகக் கொடுத்தது ஆறே ஆறு ஜெர்சி. ஆள் மாற்றும்போது வெளியே வருகிறவர் கழற்றிக் கொடுப்பார், உள்ளே போகிறவர் மாட்டிக்கொள்வார். விதிப்படி தவறுதான். வட்டாரப் போட்டி என்பதால் நடுவர் கண்டுகொள்ளவில்லை. ஏழாம் எண்ணைப் பங்கிட்டுக்கொண்டவர்கள் குணாளனும் முனியாண்டியும். இறுதி ஆட்டத்தில் சுங்கை லாலாங்கை இரண்டு புள்ளி வித்தியாசத்தில் வென்றோம். ஏழாம் எண் மட்டும் எடுத்தது முப்பத்தொன்று.

அதில் யாருக்கு எவ்வளவு? எனக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும். அன்று புள்ளித்தாள் எழுதியவன் நான். கையெழுத்து அழகாக இருக்கிறது என்று பிடித்து உட்கார வைத்தார்கள். பந்து கூடையில் விழும், முதுகில் இருக்கும் எண்ணைப் பார்ப்பேன், எழுதுவேன். முகத்தைப் பார்க்கவில்லை.*

* இருபது வருடமாகச் சிறுகதை எழுதுகிறேன். இதை வைத்து யாரும் என் பழைய கதைமாந்தர்களைச் சந்தேகிக்க வேண்டாம்.

3

முனியாண்டியைக் கதையில் சேர்க்கவே தயங்கினேன். கையுறைத் தொழிற்சாலையில் காவலாளி, என்றோ ஒருநாள் பெற்ற வெற்றி, இன்று ஒரு சுவர். எழுத்தாளனுக்கு இவ்வளவு வசதியாக ஓர் ஆள் அமைந்தால் எங்கோ இடிக்கிறது என்று பொருள். பீற்றிக்கொள்பவராக இருந்தால் எழுத இன்னும் சுலபம். அவர் பீற்றிக்கொள்வதும் இல்லை. குணாளன் அந்த வருடமே ஜொகூருக்கு வேலைக்குப் போய்விட்டார். ஊரில் மிஞ்சியவருக்குப் பெயர் போய்ச் சேர்ந்தது. கோயிலில், பசார் சந்தையில், பெட்ரோல் நிலையத்தில் அவரை "முப்பத்தொண்ணு" என்றுதான் கூப்பிடுவார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை, அது புகழ்ந்தாலும் சரி.

ஷஃபிக் வாட்ஸ்அப்பில் குணாளனிடம் கேட்டுப் பார்த்தார். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது. அது எதற்குச் சம்மதம் என்று இன்றுவரை தெரியவில்லை.

பிறகு என்னிடம் வந்தார். "அண்ணே, நீங்கதானே புள்ளி எழுதுனீங்க. ஒரு பேரு சொல்லிடுங்க லா. சனிக்கிழம பெயிண்ட் வந்துரும்."

4

வியாழக்கிழமை மாலை முனியாண்டியின் மனைவி குணசுந்தரி என் வீட்டுக்கு வந்தார். பிறந்த ஊர் சுங்கை லாலாங். 1999இல் எதிரணிக்குக் கைதட்ட வந்த பெண்.

"ஒம்போது, அண்ணே," என்றார். "அவரு போட்டது ஒம்போதுதான். மிச்சமெல்லாம் குணாளன் அண்ணன். நான் எண்ணிக்கிட்டே இருந்தேன்."

அப்படியானால் ஏன் இவரைக் கட்டிக்கொண்டீர்கள் என்று கேட்டேன். நாகரிகமான கேள்வி அல்ல. கதைக்காகக் கேட்டேன்.

"குணாளன் அண்ணன் வெளிய வந்தா சட்டையக் கழட்டி இவரு மேல வீசிட்டு உக்காந்துருவாரு. இவரு ஒவ்வொரு தடவயும் வேர்வையப் பிழிஞ்சு, ஒதறி, நேராக்கி, ரெண்டு கையால குடுத்தாரு. தோத்துக்கிட்டு இருக்கும்போதும் அப்படித்தான். அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்."

இதை அவரிடம் சொன்னதே இல்லையாம். சொன்னால் ஒன்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டி வரும். சுவரில் அவரையே வரையச் சொல்லுங்கள் என்று குணசுந்தரி கேட்கவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இதை எழுதிவிடாதீர்கள், அவ்வளவுதான் கேட்டார். சரி என்றேன். அவர் வாசலைத் தாண்டியதும் முதல் வேலையாக எல்லாவற்றையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டேன். வெட்கமாக இருந்தது. முனியாண்டி கதை படிப்பதில்லை என்று என்னை நானே தேற்றிக்கொள்கிறேன்.

5

முடிவு அ: முதுகை மட்டும் வரையலாம். ஏழு தெரியும், முகம் தெரியாது. நானே சொன்ன யோசனை, எனக்கே பிடித்திருந்தது. "கீழ பேரு எழுதணும்லே," என்றார் ஷஃபிக்.

முடிவு ஆ: இருவரையும் வரையலாம். ரொட்டி சானாய் விலைப்பட்டியலைக் கழற்றினால் இடம் வரும். ஷஃபிக் அதைப் பேசவே விரும்பவில்லை.

முடிவு இ: சுவர் திறப்பன்று முனியாண்டி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரி—

வேண்டாம். இத்தனை வருடம் எழுதிய பிறகும் கை தானாக அங்கேதான் போகிறது.

6

நடந்தது இது. சனிக்கிழமை காலை முனியாண்டி மனைவியோடு கடைக்கு வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டேன், உட்காரவில்லை. பக்கத்து மேசைக்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கறிக்குழம்பைக் கவனித்தார்கள்.

"அண்ணே," என்றார். "ஊரே சொல்லுதேன்னு நானும் சும்மா இருந்துட்டேன். நெசமா எனக்கே தெரியல. அந்த முப்பத்தொண்ணுல என்னோடது எத்தன?"

குணசுந்தரி என்னைப் பார்க்கவில்லை. இன்னும் வெறுமையாக இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்பது என்றால் நம்பிவிடுவார், அப்படிப்பட்ட மனிதர். முப்பத்தொன்று என்றாலும் நம்புவார், ஆனால் தூங்கமாட்டார். தெரியாது என்று சொல்லலாம். என் புள்ளித்தாளைப் பொறுத்தவரை அது சுத்தமான உண்மை, ஆனால் அவர் மறுபடி யாரிடம் போய்க் கேட்பார்? ஜெர்சி விஷயத்தைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அதைச் சொல்ல வேண்டியவர் அவருக்கு ஓரடி தள்ளி நின்றார்.

நான் சொன்னேன்: "[           ]."

அங்கே ஒரு பதில் இருந்தது. ஐந்து முறை திருத்தி எழுதினேன், ஐந்து முறையும் நான் நல்லவனாகத் தெரிந்தேன், அதனால் அழித்துவிட்டேன். இனி நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். உதவிக்கு ஒன்று சொல்கிறேன். அந்தப் பதிலைக் கேட்டதும் குணசுந்தரி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். ஒன்பது என்றாலும் பிடித்திருப்பார், முப்பத்தொன்று என்றாலும் பிடித்திருப்பார். எனவே அதை வைத்து உங்களால் கண்டுபிடிக்க முடியாது.