கதவுக்கு வெளியே தியரி

ஆஸ்பத்திரியில் அம்மாவின் அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த என்னைச் சொந்தக்காரர்கள் "வாச்மேன் ஃபானி" என்றார்கள். என் முகத்துக்கு நேரே சொன்னது இது. பின்னால் என்ன சொன்னார்களோ, நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அம்மா எலிஸபெத்துக்கு ரத்தத்தில் புற்றுநோய். அதற்கு ஏற்றிய மருந்து நோயோடு சேர்த்து நல்ல அணுக்களையும் அடித்துப் போட்டுவிட்டது. டாக்டர் ராமலிங்கம் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "நமக்கு வந்தா மூக்கை உறிஞ்சிட்டுப் போயிடுற சளி, அவங்களுக்கு வந்தா உயிருக்கே ஆபத்து. அணுக்கள் ஏறுற வரைக்கும் யாரை உள்ள விடுறீங்கன்றதுலதான் எல்லாம் இருக்கு."

சட்டங்கள் புரியாதவை அல்ல. உள்ளே என்னைத் தவிர ஒருவர்தான். சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டு, முகக்கவசம் மாட்டிக்கொண்டு போக வேண்டும். கட்டிலில் உட்காரக் கூடாது, பூங்கொத்து கூடாது, சளி இருமல் உள்ளவர்கள் வரவே கூடாது. எந்தக் குடும்பத்துக்கும் இது கஷ்டம்தான், எங்கள் குடும்பத்துக்கு இரட்டைக் கஷ்டம். எங்களைச் சொல்தா குடும்பம் என்பார்கள். தாத்தா காலத்திலிருந்து பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை, பிரெஞ்சுப் பென்ஷன், பிரெஞ்சுப் பாஸ்போர்ட். சாப்பிடுவது ரசம், பேசுவது தமிழ். ஆனால் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டால் வணக்கம் போதாது. கன்னத்தோடு கன்னம் ஒட்டி, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று முத்தம் வைத்தாக வேண்டும். வைக்காவிட்டால் ஏதோ மனஸ்தாபம் என்று அர்த்தம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நத்தாலி சித்தி வந்தார். கொண்டுவந்த ரோஜாக் கட்டை வெளியிலேயே வாங்கி வைத்துவிட்டேன். கையைக் கழுவினார், முகக்கவசம் மாட்டினார், எல்லாம் சரி. அம்மாவைப் பார்த்ததும் கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டுக் குனிந்தார். நான் பாய்ந்து குறுக்கே கையை நீட்ட, சித்தியின் முத்தம் என் புறங்கையில் விழுந்தது. அன்று சாயங்காலத்துக்குள் கோயிலுக்கு வரும் அத்தனை பேருக்கும் நான் கல்நெஞ்சக்காரி ஆகிவிட்டேன். ஆகிவிட்டுப் போகிறேன், என் அம்மா எனக்கு வேண்டும்.

அப்புறம்தான் என் அண்ணன் தியரி வந்தான்.

தியரிக்கு பாரிஸ் பக்கத்தில் ரயில்வேயில் வேலை. அப்பா ஒகுஸ்த் இறந்தபோது அவனால் கல்லறைக்குத்தான் வந்து சேர முடிந்தது. அந்தக் குறை அவனை விட்டுப் போகவே இல்லை. இந்த முறை டாக்டர் ஒரு வார்த்தை சொன்னதும் டிக்கெட் எடுத்துவிட்டான். "கனகசெட்டிக்குளம் தாண்டி ஊருக்குள்ள வந்துட்டேன். நேரா ஆஸ்பத்திரிக்குத்தான் வர்றேன்" என்று காரிலிருந்து போன் செய்தபோதே அவன் குரல் மூக்கால் வந்தது. அழுகிறான் என்று நினைத்தேன்.

அழவில்லை. வராந்தாவில் பெட்டியை உருட்டிக்கொண்டு வந்தவனுக்குக் கண் சிவந்து, மூக்கு தக்காளிப் பழமாக இருந்தது. என்னை முத்தமிடக் குனிந்தான். நான் பின்னால் நகர்ந்தேன்.

"அண்ணே, உனக்குச் சளி புடிச்சிருக்கு."

"பிளேன்ல ஏசி. அலர்ஜி. அது ஒண்ணுமில்ல" என்றவன், சொல்லி முடிக்கும் முன் தும்மினான்.

நான் எழுந்து கதவுக்கு முன்னால் நின்றுகொண்டேன். "நீ உள்ள போகக் கூடாது."

"எங்க அம்மாவப் பாக்க உங்கிட்ட விசா வாங்கணுமா?"

"ஆமா. வாங்கணும். குடுக்க மாட்டேன்."

கத்தினான். அவ்வளவு தூரம் பறந்து வந்தவனை வாசலில் நிறுத்துவதற்கு நான் யார் என்றான். பக்கத்திலேயே இருந்து அம்மாவைச் சொந்தமாக்கிக்கொண்டேன் என்றான். அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. நானும் விட்டேனா? வருஷத்துக்கு ஒரு தடவை சாக்லேட்டோடு வருகிறவனுக்குப் பேச்சைப் பார் என்றேன். நர்ஸ் ஜெயம் ஓடிவந்து, "ரெண்டு பேரும் கொஞ்சம் மெதுவா" என்று கெஞ்சினார்.

தியரி கதவின் கைப்பிடியைப் பிடித்தான். அவனுக்கு என்னைப்போல இரண்டு மடங்கு உடம்பு. தள்ளியிருந்தால் நான் போய் விழுந்திருப்பேன். தள்ளவில்லை. "அப்பாவத்தான் பாக்க முடியல, ஃபானி. அம்மாவுக்கும் எதாவது ஆயிட்டா?" என்றான். சொல்லிவிட்டுச் சட்டைக் கைக்குள் முகத்தைப் புதைத்து அடுக்கடுக்காகத் தும்மினான். பிறகு அவனாகவே கைப்பிடியை விட்டுவிட்டு, பெட்டியை உருட்டிக்கொண்டு போனான்.

அம்மாவிடம் ஒரு பொய் சொல்ல வேண்டியிருந்தது. மகன் வந்துவிட்டான் என்று தெரிந்தால் கூப்பிடுவார். கூப்பிட்டால் அவன் நிற்க மாட்டான், என்னாலும் நிறுத்த முடியாது. "பாரிஸ்ல ஸ்டிரைக்கும்மா. பிளேன் கிளம்பல" என்றேன். பிரான்சைப் பற்றி வேறு எதைச் சொன்னாலும் சந்தேகப்படுகிறவர்கள்கூட ஸ்டிரைக் என்றால் நம்பிவிடுவார்கள். அம்மாவும் "அப்டியா" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்தார்.

மறுநாள் தியரி, நான் சொல்லிவைத்தபடி, பாரிஸிலிருந்து பேசுவதுபோல எங்கள் வீட்டு மாடியிலிருந்து அம்மாவுக்குப் போன் செய்தான். "இங்க ஒரே குளிரும்மா" என்று அவன் ஆரம்பிக்கவும், "முருங்கக் கீரே, அரக் கீரே" என்று கீழே தெருவில் கீரைக்காரி கூவவும் சரியாக இருந்தது. ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். சட்டென்று போனைப் பிடுங்கி, லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன். அம்மா கண்ணை மூடியிருந்தார். தூங்கிவிட்டார், தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நிம்மதி நிலைக்கவில்லை. அடுத்த நாள் மத்தியானம் அம்மாவுக்குக் காய்ச்சல் ஏறியது. டாக்டர் மருந்தை மாற்றிவிட்டு, "பாக்கலாம்" என்றார். வராந்தா மூலைக்குப் போய் நின்று அழுதேன். அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால், ஊருக்குள்ளேயே இருந்த மகனைப் பார்க்கவிடாமல் வைத்தவள் நான். அந்தப் பழியை எந்தக் கோயிலில் கொண்டுபோய் இறக்குவேன்? தாங்க முடியாமல் அண்ணனுக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் கேட்டான்.

"வந்துடுண்ணே" என்றேன். நான்தான் சொன்னேன், வாச்மேன் ஃபானி.

"வேணாம்" என்றான். "இன்னும் இருமல் இருக்கு. நான் உள்ள வந்து, அதனால அவங்களுக்கு எதாவது ஆச்சுன்னா? நீ போய் அவங்க பக்கத்துல இரு. அழுதது தெரியாம மொகத்தக் கழுவிக்கிட்டுப் போ."

அவன் மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் அந்த இடத்திலேயே கரைந்துவிட்டது. முகத்தைக் கழுவினேன், கையைக் கழுவினேன், உள்ளே போனேன்.

காய்ச்சல் இறங்கியது. பிறகு வந்த ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு டாக்டர் ராமலிங்கம் முதல் தடவையாகச் சிரித்தார். அணுக்கள் ஏறுகின்றன, ஏறிக்கொண்டே இருக்கின்றன என்றார். எனக்கு அவரையே கன்னத்துக்கு ஒன்றாக முத்தமிட்டால் என்ன என்று தோன்றியது. கையெடுத்துக் கும்பிட்டதோடு நிறுத்திக்கொண்டேன். தியரிக்கு இருமல் முழுக்க நின்று, டாக்டர் அவனைப் பரிசோதித்து, உள்ளே போகலாம் என்று சொன்ன பிறகுதான் நான் கதவைத் திறந்தேன்.

குளித்து, துவைத்த சட்டை போட்டு, கோயிலில் முதல் நற்கருணை வாங்கப் போகிற பையனாக வந்திருந்தான். முழங்கை வரை கழுவினான். முகக்கவசத்தை மூக்கில் அழுத்தி மாட்டினான். நானும் பின்னாலேயே போனேன். உள்ளே போனதும் அவன் உடம்பு பழக்கத்தில் கட்டிலை நோக்கிக் குனிந்தது. சட்டென்று நிமிர்ந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கால்மாட்டில் நின்றான்.

"ஸ்டிரைக் முடிஞ்சு இப்பத்தாம்மா வந்து எறங்குனேன்" என்றான்.

அம்மா அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். இளைத்துப்போன முகத்தில் கண்கள் மட்டும் பளிச்சென்று இருந்தன.

"சளி விட்டுச்சாப்பா?" என்றார்.

நாங்கள் இரண்டு பேரும் முழித்தோம்.

"எனக்கு ரத்தந்தான் கெட்டுப்போச்சு. காது நல்லாத்தான் இருக்கு. அன்னிக்கு நீங்க ரெண்டு பேரும் வராந்தால போட்ட சண்ட பீச்சு வரைக்கும் கேட்டிருக்கும்."

தியரி கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "அப்ப ஏம்மா என்னக் கூப்பிடல?"

"கூப்புட்டா நீ வந்துடுவியே" என்றார் அம்மா. "இவ ஒத்தையா கதவுல நின்னு மல்லுக்கட்டுறா. நான் வாயத் தொறந்தா இவ தோத்துடுவா. அதான் போர்வையக் கடிச்சிக்கிட்டுப் படுத்திருந்தேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதால் அம்மாவுக்கு ஆகாது என்று சொல்லி எத்தனை பேரை வெளியே அனுப்பியிருக்கிறேன். அதனால் நானாகவே கதவுக்கு வெளியே போனேன்.