ஆறு பலகையில் பாதி

பரமேஸ்வரன் இறந்து நான்காவது மாதம், அவர் விட்டுப்போன அணைக்கட்டைப் பார்க்கக் காப்புறுதிக் கம்பெனி ஓர் இஞ்சினியரை அனுப்பியது. மலேசியாவில் ரவாங் ஊருக்கு மேலே, ரப்பர் தோட்டத்துக் காலத்தில் யாரோ போட்ட மண்கரை அது. பரமேஸ்வரன் அதை வாங்கி, நான்கு மிதிபடகும் ஐந்து கொட்டகையும் வைத்து ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் சேர்த்தார். படகு தரை தட்டியதும், உபரித் தண்ணீர் வழியும் வாயில் அடிக்கு ஒன்றாக ஆறு பலகைகளைச் செருகி மட்டத்தை உயர்த்தினார். மனிதர் புடவைக் கடைக்காரர். எதுவும் கொஞ்சம் இழுத்தால் நீளும் என்பது அவர் நம்பிக்கை.

கிள்ளான் கடையை இப்போது அவர் மனைவி அமுதவள்ளி நடத்தினாள். அவள் அழவில்லை. வேளைக்குச் சாப்பிட்டாள், ருசி தெரியவில்லை. யாராவது ஓர் எண்ணைச் சொன்னால் மட்டும் வாய் தானாகப் பேரத்துக்குத் திறந்துகொண்டது, அறுத்த கோழியின் கால் இழுத்துக்கொள்வது போல.

இஞ்சினியர் வனேசா கரையின் அடியில் குந்தி, கசியும் இடத்தில் விரலை வைத்துப் பார்த்தாள்.

"ஆன்டி, ஆறு பலகையையும் எடுத்திடணும். தண்ணி ஆறடி இறங்கணும்."

"ஆறா? மூணு எடுக்கலாம்."

"ஆன்டி, இது விலை இல்லலா."

"தெரியும்மா. உனக்கும் வேணாம் எனக்கும் வேணாம், மூணுல முடிச்சுக்கோ."

வனேசா சிரித்தாள். எதிரில் சிரிப்பு இல்லாததைக் கண்டு நிறுத்திக்கொண்டாள். கீழே ஓடையோரம் பன்னிரண்டு வீடுகள் தெரிந்தன. முதல் வீடு காவலாளி லோகனுடையது.

"கரை போச்சுன்னா அந்த வீடெல்லாம் போயிடும். கசியிற தண்ணி தெளிவா இருந்தா பயமில்ல. கலங்கி வந்தா எல்லாரும் ஓடணும்."

அமுதவள்ளி கேட்டுக்கொண்டாள். பிறந்ததிலிருந்து அவள் காதில் விழுந்த எந்த முதல் எண்ணும் கடைசி எண்ணாக இருந்ததில்லை. ஆறு சொல்கிறவள் மனசில் மூன்று இருக்கும், இல்லாவிட்டால் ஏன் ஆறு சொல்கிறாள்? பிறகு வனேசா அனுப்பிய கடிதம் பிரிக்கப்படாமல் கல்லாவின் மேல் கிடந்தது. லோகனிடம் மூன்று பலகையை எடுக்கச் சொல்லிவிட்டு அமுதவள்ளி கடைக்குத் திரும்பியிருந்தாள்.

இரண்டு வாரம் விடாத மழை. ஒரு செவ்வாய்க்கிழமை நண்பகலில் லோகன் போன் செய்தான்.

"அக்கா, கரைக்குக் கீழ தண்ணி தே தாரேக் டீ மாதிரி கலங்கி வருது."

"மூணு பலகையும் எடுத்தியா?"

"ஒண்ணு எடுத்தேன்கா."

"மூணு சொன்னேனேடா."

"பாஸ் எப்பவும் ரெண்டு மடங்காத்தானே சொல்வாரு? நூறு நாற்காலி கழுவுன்னா அம்பது கழுவுவோம். அவருக்கும் சந்தோசம், எங்களுக்கும் சந்தோசம். நீங்க மூணுன்னா ஒண்ணரை. ஒண்ணரைப் பலகைய எப்படிக்கா எடுக்கிறது? இப்ப தண்ணி அழுத்துது, மிச்சம் அசைய மாட்டேங்குது."

அமுதவள்ளிக்குக் கோபம் வரவில்லை. எங்கேயோ இருந்தது, எழுந்து வரச் சோம்பல்பட்டது.

"விடு. கரைப்பக்கம் போகாத. பன்னெண்டு வீட்டையும் காலி பண்ணு."

"சரிக்கா. முன்னாடி இருக்கிற ஆறு வீடு போதும்ல?"

பன்னிரண்டு வீடும் காலியாக வேண்டுமானால் இவனிடம் இருபத்துநான்கு சொல்ல வேண்டும். இருபத்துநான்கு வீடு அங்கே கிடையாது.

"போனை வைக்காத. கையில பிடிச்சுக்கிட்டு ஒவ்வொரு கதவா தட்டு. தட்டுறது எனக்குக் கேக்கணும். ஆள் வெளிய வந்தா பேரைச் சொல்லு."

கடைப்பெண் குமுதாவிடம் தீயணைப்புப் படைக்கு, போம்பாவுக்கு, போன் போடச் சொன்னாள். எதிரில் ஒரு வாடிக்கையாளர் பச்சையா நீலமா என்று முடிவு எடுக்காமல் நின்றார். அமுதவள்ளி ஒரு கையால் பச்சையை மடித்துக்கொண்டே கதவுகளைக் கேட்டாள். லோகனின் மனைவி மலர் வந்தாள். அடுத்த வீட்டு மலாய்க்காரம்மாவை, அந்த மக்சிக்கை, "கெலுவார்! கெலுவார்!" என்று வெளியே வரச் சொல்லிக் கத்தி இழுத்தான். எட்டு வீடு முடிந்தது. ஒன்பதாவதில் ரெங்கசாமி, சாப்பிட உட்கார்ந்துவிட்டாராம்.

"அவர்கிட்ட போனைக் குடு."

"என்னம்மா, அரை மணி நேரத்துல வரேன்" என்றார் ரெங்கசாமி.

"அண்ணே, நான் அணைக்கட்டுக்காரி பேசுறேன். அரை மணி இல்ல."

"கால் மணி?"

"எந்திரிங்க. கையைக்கூட கழுவ வேணாம்."

"ரொம்பக் கறாரா இருக்கியே" என்று முனகியபடி அவர் எழும் சத்தம் கேட்டது. பத்து. பதினொன்று. பன்னிரண்டாவது வீட்டில் பூட்டு தொங்கியது. வேலைக்குப் போயிருப்பார்கள் என்றான் லோகன். ஜன்னலில் பார்க்கச் சொன்னாள். பார்த்தான், யாரும் இல்லை.

எல்லோரும் மேட்டுச் சாலைக்கு ஏறிய சற்று நேரத்தில், முழுப் பீஸ் துணியை ஒரே இழுப்பில் கிழிப்பது போன்ற சத்தம் போனில் வந்தது. நீளமாக வந்தது.

"அக்கா, போச்சு."

"ஆளு?"

"எல்லாரும் இங்கதான் நிக்கிறோம். ஏழு வீட்டைக் காணோம். என் வீடும்."

வாடிக்கையாளர் நீலத்தை எடுத்துக்கொண்டார். அமுதவள்ளி அதைப் பையில் போட்டுக் கொடுத்தாள். பிறகு கல்லாவின் மேலிருந்த கடிதத்தைப் பிரித்து, அதிலிருந்த எண்ணுக்குப் போன் செய்தாள்.

"வனேசா, கட்டு உடைஞ்சிருச்சும்மா. ஆளுக்கு ஒண்ணுமில்ல, ஏழு வீடு போச்சு. நீ ஆறுன்னு சொன்னே, நான்தான் மூணாக்கினேன். விசாரணைக்கு அப்படியே எழுதிக் குடு."

"ஆன்டி... அந்தக் காவலாளி எத்தனை எடுத்தாரு?"

"அது எனக்கும் அவனுக்கும் உள்ளது. நீ என் பேரை எழுது."

போனை வைத்துவிட்டு, செருப்பைத் தேடினாள். அந்த ஏழு குடும்பங்களின் முன்னால் போய் நிற்க வேண்டும். குமுதாவிடம் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் காரை எடுத்தாள்.