மட்டையின் கழுத்தில் இருந்த பசை

சூரியநெல்லி எஸ்டேட் கிளப்பில் கோல்ஃப் மட்டைகளைப் பழுதுபார்ப்பவர் சின்னையன். அன்று மானேஜர் ஒரு மட்டையுடன் வந்தார்.

“இந்தத் தலையைக் கழற்றிட்டு, தண்டுல வேற தலை மாட்டு. பழசை என்கிட்டக் குடு.”

“நல்லாத்தானுங்க இருக்குது.”

“சொன்னதைச் செய்.”

தலையும் தண்டும் சேரும் கழுத்தில் விரிசல் விட்டிருந்த பழைய எபாக்சி பசையைச் சின்னையன் கத்தியால் சுரண்டினார். பசைத்துணுக்கோடு உலர்ந்த ரத்தமும் நரைமுடியும் வந்தன. இரண்டு நாளாகக் காணாத கிழட்டு வாட்ச்மேன் பொங்கியண்ணனைப் புலி இழுத்துப்போனதாக எஸ்டேட் முழுக்கச் சொன்னவர் மானேஜர்தான்.

“என்ன பார்க்கிறே?”

“பசை கெட்டியா இருக்குதுங்க. சூடு காட்டினாத்தான் கழலும்.”

துணுக்கை மடியில் செருகிக்கொண்டு அடுப்பை மூட்டினார். தலையை வாங்கிக்கொண்டு மானேஜர் போனதும் சின்னையன் பஸ் ஏறினார். போலீஸ் ஸ்டேஷன்வரை மானேஜரின் ஜீப் பின்னாலேயே வந்தது. சின்னையன் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனார்.