வுகாஷின் சொன்ன குறைகள்

வுகாஷின் எழுதும் ஒரு நல்ல வரியின் விலை, இன்றைய இரத்தினபுரிக் கல் சந்தை நிலவரப்படி, பத்துக் கரட் முதல்தர நீலக்கல். கொடுக்க ஆள் உண்டு, அவர்தான் விற்கமாட்டார். சேர்பியாக்காரர். பெல்கிரேட்டில் நாற்பது வருடமாக ரொக் இசைக்கு விமர்சனம் எழுதுகிறவர். நாடு துண்டுதுண்டாகப் பிரிந்தபோதும் பத்திரிகைப் பத்தியை அவர் விடவில்லை. ஆறு புத்தகங்கள் போட்டாயிற்று. ஏழாவது, யாரும் எட்டிப்பார்க்காத ஊர்களின் ரொக் பற்றி. அதில் எங்களுக்கு ஓர் அத்தியாயம் கிடைக்குமா என்பதுதான் கேள்வி.

எங்களுக்கு என்றால், கஹவத்தைப் பக்கத்து இறப்பர் தோட்டத்து விஜயகலாவின் குழுவுக்கு. பாட்டும் கிற்றாரும் அவள். டிரம்ஸ் அவள் தம்பி மதுசன். நான் றிப்தி, கல் வியாபாரி வீட்டுப் பிள்ளை, அவர்களுடைய மனேஜர், அவர் கேட்க வந்த அன்றைக்கு மொழிபெயர்ப்பாளரும்.

ஞாயிற்றுக்கிழமை, வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், தொட்டில்களை ஓரங்கட்டிவிட்டு வாசித்தார்கள். முடிந்ததும் வுகாஷின் சிரித்தார். மிக அருமை என்றார்.

எங்கள் சந்தையில் கல்லைப் புகழ்ந்து திருப்பிக் கொடுப்பவன் வாங்கமாட்டான். வாங்க நினைப்பவன் கீறல் தேடுவான்.

"என்னா நானா சொல்றாரு?" என்றாள் விஜயகலா. எங்கள் பக்கம் முஸ்லிம் அண்ணன் என்றால் நானா.

"நல்லா இருக்காம். போச்சு தங்கச்சி."

விஜயகலா என்னை ஒதுக்கிவிட்டு, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அவரிடமே கேட்டாள்: நல்லது கிடக்கட்டும், எது சரியில்லை?

மனிதருக்கு முகம் மலர்ந்துவிட்டது. விருந்தாளியாகப் போன இடத்தில் உண்மை பேசி ஒருமுறை பியர் போத்தலால் அடி வாங்கியவராம். அதிலிருந்து எங்கே போனாலும் அருமைதானாம். இப்போது கொட்டித் தீர்த்தார். டிரம்ஸ், கடைசி பஸ்ஸைப் பிடிக்கிற மாதிரி ஓடுகிறது. கோரஸில் இவள் இலண்டன்காரியாகிவிடுகிறாள். முடிவுப் பாட்டு முடியவே மாட்டேன் என்கிறது.

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. "விலை ஏறுது! மனுசன் மாட்டிட்டாரு. ஒண்டையும் மாத்த வேணாம், இப்ப எறங்கினா சும்மா கேப்பாரு!"

"அனே நானா, அவரு கல்லு வாங்கவா வந்தாரு? நெசமாத்தான் சொல்றாரு." அவள் திரும்பினாள். "டேய், அந்த டிரம்ஸ விடு. தப்ப எடு."

மதுசன் வாசலில் சருகைக் கொளுத்தி, தோட்டத்துப் பறையான தப்பைக் காய்ச்சினான். தோல் இறுகியதும் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தான்.

"ஹரி அக்கா," என்று சிங்களத்தில் சரி சொன்னான்.

இந்த முறை தாளம் ஓடவில்லை. தன் சொந்த மலையில் நடப்பவனைப்போல் நெஞ்சு நிமிர்த்தி நடந்தது. இறப்பர் பால்வெட்டுக்குப் போனவள் எதிர்மலைக்காரியைக் கூப்பிடுகிற அந்தக் குரலில் விஜயகலா கோரஸை எறிந்தாள். லயத்து வீடுகளிலிருந்து சனம் ஓடிவந்து ஜன்னலை அடைத்தது. வுகாஷின் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"மறுபடி!"

மறுபடி அடித்தார்கள். தகரக் கூரையும் சேர்ந்து அதிர்ந்தது.

"மறுபடி!"

என் வியாபார மூளை முழுத் தோல்வி. அதற்காக அழ நேரமில்லை. தொட்டில் கம்பியில் நானும் தாளம் போட்டுக்கொண்டிருந்தேன்.

அத்தியாயத்தைத் தருவதாகச் சொல்லி வுகாஷின் எல்லோருக்கும் கை கொடுத்தார். ஒரே நிபந்தனை: புத்தகம் அச்சுக்குப் போகுமுன் அந்தக் கடைசிப் பாட்டை ஒழுங்காக முடித்து அனுப்ப வேண்டும்.

ஆக, சொன்ன குறை மூன்று, தீர்ந்தது இரண்டு. வரவு ஓர் அத்தியாயம். பாக்கி ஒரு பாட்டின் முடிவு, விஜயகலா பேரில்.