புரட்டிச் செருகிய முகம்

பாரிஸில் யாராவது உங்களிடம் பேயைப் பார்த்தேன் என்று சொன்னால் நம்புங்கள். அந்தப் பேய் வரும்போது வாசித்தவள் நான்தான். மூடிப்போன ஒரு கன்னிமாடத்தின் கூடத்தில், சன்னல்களைக் கறுப்புத் துணியால் அடைத்துவிட்டு, மூன்று வருடமாகச் செத்தவர்களை வரவழைத்துக்கொண்டிருக்கிறோம். கைகளை விரித்து, குரலைத் தாழ்த்தி, காற்றோடு பேசி வரவழைப்பவர் மோப்ராக், எங்கள் முதலாளி. குடியரசு வந்தபிறகு எல்லோரும் எல்லோரையும் 'நீ' என்றுதான் பேசவேண்டும் என்றார்கள். நானும் பேசிப் பார்த்தேன். முதலாளியிடம் மட்டும் நாக்கு தானாக 'நீங்க' என்கிறது.

உண்மையில் செத்தவர்களைக் கொண்டுவருகிறவன் கொராந்தன். ஒரு காலத்தில் பிரபு வீட்டுப் பெண்களின் விசிறிகளில் ரோஜாப்பூ வரைந்துகொண்டிருந்தவன். இப்போது கண்ணாடியில் முகங்களை வரைந்து, சுற்றிலும் கரி பூசி, அதை விளக்குப் பெட்டியில் செருகி, மெழுகு தடவிய திரைக்குப் பின்னால் நின்று பெட்டியைத் தள்ளுகிறான். பெட்டி பின்னால் போனால் உருவம் பெரிதாகும், திரையை நெருங்கினால் சிறுக்கும். முன்னால் இருட்டில் உட்கார்ந்திருக்கும் சனங்களுக்குச் செத்தவர் தங்களை நோக்கி வருவதும் திரும்பிப் போவதுமாக இருக்கும். பெட்டிக்கு நான்கு சக்கரம். எவ்வளவு கொழுப்புத் தடவினாலும் கிறீச்சிடும். அந்தக் கிறீச்சை மூடத்தான் எனக்கு வேலை.

என் வாத்தியம் முப்பது கண்ணாடிக் கிண்ணங்கள். ஒன்றுக்குள் ஒன்றாக ஒரே இரும்புக் கம்பியில் கோத்திருக்கும். காலால் மிதித்தால் சுழலும், ஈர விரலால் தொட்டால் பாடும். சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. இதை வாசிக்கிறவர்களுக்குப் பைத்தியம் பிடிக்கும் என்று வைத்தியர்கள் சொல்கிறார்கள். பைத்தியம் பிடிக்கிறதோ இல்லையோ, குளிர்காலத்தில் விரல் வெடிக்கிறது. அதற்கு மருந்து சொல்ல ஒரு வைத்தியரும் இல்லை.

நான் உட்காருவது திரைக்குக் கீழே, ஒரு சின்னக் கறுப்புச் சீலையின் மறைவில். திரைக்கு என் முதுகு. அதனால் பேய்களை நான் பார்ப்பதில்லை. சீலையின் இடுக்கு வழியாகச் சனங்களின் முகத்தைத்தான் பார்ப்பேன். புருஷனையும் அம்மாவையும் பிள்ளையையும் பார்க்கிற முகங்கள். அவர்கள் மேல் எனக்கு இருந்தது இரக்கம் அல்ல, பொறாமை. ஒளிப்பதில் என்ன இருக்கிறது? அவர்கள் எல்லோரிடமும் ஒரு படம் இருந்தது. பதக்கத்துக்குள் விரல்நகம் அளவுக்காவது ஒரு முகம். அதைக் கொடுத்தால் கொராந்தன் பெரிதாக்கித் தருவான். என் ஜெர்வேக்குப் படமே கிடையாது.

ஜெர்வே சிகை அலங்காரம் செய்கிறவன். எங்களுக்குக் கல்யாணமாகிச் சேர்ந்து வாழ்ந்தது பதினான்கு மாதம். தினமும் காலையில் கடை திறந்ததும் என்னைப் பெரிய நிலைக்கண்ணாடி முன் உட்காரவைத்து, பின்னால் நின்று தலை அலங்கரிப்பான். தெருவில் போகிறவர்கள் சன்னல் வழியே பார்த்து ஆசைப்பட்டு உள்ளே வரவேண்டும், அதுதான் அவன் கணக்கு. என் தலைதான் கடையின் விளம்பரப் பலகை. பிறகு வாடிக்கையாளர் வீடுகளுக்குப் போனான் என்றால், விளக்கணைத்த பிறகுதான் திரும்புவான். தலை அலங்கரிக்கும்போது சீப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு, வாயைத் திறக்காமல், ஒரு மெட்டை முனகுவான். மெதுவான மெட்டு, தூங்கப் போகிற குழந்தையின் பேச்சு மாதிரி இழுக்கும். நடுவில் நான் அசைந்தால் சீப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சொல்வான்:

"தலையைத் திருப்பாதே, சிதோனி. காது போயிடும்."

"போனா போகட்டும். முடியால மூடிவிடு."

"ஒரு பக்கம்தான் மூட முடியும். இன்னொண்ணு உன் பாடு."

அலங்காரத்துக்குத் தலையில் வெள்ளை மாவு தூவுகிறவன் எல்லாம் பிரபுக்களின் ஆள் என்று தெருவில் பேச்சு கிளம்பியது. அந்த வாயை அடைக்கப் பட்டாளத்தில் பெயர் கொடுத்தான். ரைன் நதிக்கரையிலிருந்து ஒரு கடிதம் வந்தது, குளிர் என்றும் காலணி சரியில்லை என்றும். அதற்குப் பிறகு எட்டு வருடம் ஒன்றும் இல்லை. யுத்த அலுவலகத்தில் செத்தவர் பட்டியலிலும் அவன் பெயர் இல்லை, இருப்பவர் பட்டியலிலும் இல்லை. ஆகவே நான் கறுப்பு உடுத்தவில்லை. கேட்டவர்களிடம் வந்துவிடுவான் என்றேன்.

ஐந்தாம் வருடத்தில் அவன் முகம் போய்விட்டது. சொன்னால் யாருக்கும் புரியாது. மூக்கு நினைவிருந்தது, கழுதை உதைத்துக் கோணிய மூக்கு. புருவத்தின் வெட்டு நினைவிருந்தது. மோவாய்க் குழி நினைவிருந்தது. ஆனால் எல்லாம் தனித்தனியாக, வேறு வேறு அலமாரியில் கிடந்தன. சேர்த்தால் முகம் வரவில்லை. ஒரே ஒரு தடவை அந்த முகத்தைப் பார்த்துவிட்டால் போதும், வேறு எதுவும் கேட்கமாட்டேன் என்று இருந்தேன்.

நான் இந்த வேலைக்கு வந்த முதல் குளிர்காலம் முழுக்கக் கொராந்தன் எனக்காக உட்கார்ந்து வரைந்தான்.

"மூக்கு எந்தப் பக்கம் கோணல்?"

"இடது பக்கம்."

"உனக்கு இடதா, அவனுக்கு இடதா?"

"அவன் மூக்குதானே? அவனுக்கு இடது."

ஏழு கண்ணாடி வரைந்தான். ஏழாவதை விளக்கில் செருகி, என்னை முன்பெஞ்சில் உட்காரச் சொல்லித் திரையில் காட்டினான். வெகுநேரம் பார்த்தேன். நான் சொன்னது எல்லாம் அதில் இருந்தது. அவன் மட்டும் இல்லை.

"ஜெர்வேயோட அண்ணன் மாதிரி இருக்கான்," என்றேன்.

"அவனுக்கு அண்ணன் இருந்தானா?"

"இல்ல."

கொராந்தன் கண்ணாடியை உருவி ஓரமாக வைத்தான். ஆனால் மோப்ராக் எதையும் வீணாக்கமாட்டார். படம் இல்லாமல் வருகிறவர்களுக்கென்று எங்களிடம் சில பொதுமுகங்கள் உண்டு: ஒரு கிழவர், ஒரு இளம்பெண், ஒரு கைக்குழந்தை. விளக்குப் பெட்டியின் வில்லையைக் கொஞ்சம் மங்கலாக வைத்தால் போதும், மிச்சத்தை அழுகிறவர்களே வரைந்துகொள்வார்கள். அந்த வரிசையில் என் ஏழாவது கண்ணாடியும் சேர்ந்தது. பெயர், சிப்பாய். ஒவ்வொரு காட்சியிலும் நாலைந்து பெண்கள் அவனை நாலைந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். உர்சூல் என்ற ஒரு சலவைக்காரம்மா ஓய்வுநாள் தவறாமல் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்து, "லூக், கண்ணு, சாப்பிட்டியா?" என்பாள்.

சிப்பாய் வரும்போது நான் வாசித்தது ஜெர்வேயின் மெட்டு. முகம்தான் இல்லை, பாட்டாவது அவனுடையதாக இருக்கட்டும் என்று. இன்னொரு ஆசையும் இருந்தது. இங்கே கேட்ட யாராவது வழியில் முனக, அதைக் கேட்ட ஒருவன் பட்டாளத்தில் முனக, அது அவன் காதில் விழுந்தால் எங்கே வரவேண்டும் என்று தெரிந்துகொள்வான்.

மெட்டு போனது. ஆனால் ஊருக்குள்ளேயே சுற்றியது. பேய்ப்பாட்டு என்று பெயர் வைத்தார்கள். கைப்பிடியைச் சுற்றிப் பாட்டு வரவழைக்கும் பெட்டிக்காரர்கள் மூலைக்கு மூலை அதைச் சுற்றினார்கள். நடனக்கூடங்களில் பெண்கள் பிணத்துணி மாதிரி வெள்ளை உடுத்தி, முகத்தில் மாவு பூசி அதற்கு ஆடினார்கள். இசைநாடக அரங்கிலிருந்து ஓர் ஆள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து சுரங்களை எழுதிக்கொண்டு போனான். அப்புறம் அங்கே பேய் வருகிற கட்டம் வந்தால், பன்னிரண்டு வயலின்கள் என் கிண்ணங்களைப்போல நடுங்கின. மீன்கடைத் தெருவில் அதற்கு அசிங்கமான வார்த்தை கட்டி, மூன்று மடங்கு வேகத்தில் பாடினார்கள். பொறுக்க முடியாமல் ஒருநாள் சண்டைக்கே போனேன்.

"தாயே, அது மெதுவாப் பாடவேண்டிய பாட்டு."

"மெதுவாப் பாடினா மீன் நாறிடும், குடிமகளே."

"உன் மீன் ஏற்கெனவே நாறித்தான் கிடக்கு."

"அப்ப பேய்க்குப் போடு. உங்க கூடத்துல நிறைய இருக்காமே."

தெருவே சிரித்தது. நானும் கொஞ்சம் சிரித்துவிட்டேன். ஆனால் அடுத்த வாரம் வெங்காயம் உரித்துக்கொண்டே முனகியபோது, மெட்டு மீன்காரியின் வேகத்தில் வந்தது. நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். மறுபடியும் அதே வேகம். ஜெர்வே எங்கே இழுப்பான், எங்கே மூச்சு விடுவான் என்பது எனக்குத் தெரியவில்லை. முகம் போய் மூன்று வருடம், இப்போது குரலும் போகிறது. அதை ஊருக்குக் கொடுத்துத் தொலைத்தவளும் நானேதான். அன்று நன்றாக அழுதேன், பழியை வெங்காயத்தின்மேல் போட்டேன்.

அதற்கு இரண்டு நாள் கழித்து, ஓய்வுநாள் பிற்பகல் காட்சிக்கு முன்னால், கொராந்தன் விளக்குப் பெட்டியின் புகைக்குழாயில் கையைச் சுட்டுக்கொண்டான். கை முழுக்க வெண்ணெய் தடவித் துணி சுற்றியாயிற்று. வாசலில் கூட்டம் நின்றது.

"பெட்டியை நான் தள்றேன்," என்றார் மோப்ராக். "நீ என் அங்கியைப் போட்டுக்கிட்டு முன்னால நில்லு. கையை விரிச்சாப் போதும், அதிகம் பேசாதே."

"முதலாளி, கண்ணாடியைத் தலைகீழாச் செருகணும்."

"தெரியும்டா."

"தலைகீழான்னா, அப்படியே சுழட்டணும். புரட்டக்கூடாது. புரட்டினா இடது வலதாயிடும்."

"இந்தத் தொழிலை உனக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்."

சொல்லிக்கொடுத்தவர்தான். ஆனால் மூன்று வருடமாக ஒரு கண்ணாடியையும் தொட்டதில்லை.

கிழவர் வந்து போனார். இளம்பெண் வந்தாள். கொராந்தன் கட்டுப்போட்ட கையை விரித்து நின்றதில் சனங்களுக்கு இன்னும் பயம் கூடியது. பிறகு சிப்பாயின் முறை. நான் விரலை நனைத்துக்கொண்டு மெட்டைத் தொடங்கினேன். வேகமாக வந்தது. காலை அடக்கினேன், கால் கேட்கவில்லை. மீன்கடை மெட்டைத்தான் கண்ணாடியில் வாசித்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. சக்கரம் கிறீச்சிட்டுப் பின்னால் போக, சனங்களின் முகத்தில் வெளிச்சம் பெரிதானது.

முதல் வரிசையில் உர்சூல் எழுந்து நின்றாள்.

"இது என் லூக் இல்ல," என்றாள். "இது வேற யாரோ."

மோப்ராக் என்ன கூத்து செய்து வைத்திருக்கிறார் என்று பார்க்கத்தான் நான் சீலையை விலக்கித் திரும்பினேன்.

ஜெர்வே நின்றான்.

அண்ணன் இல்லை, தம்பி இல்லை, ஜெர்வே. அந்த மூக்கு, அந்தப் புருவம், மோவாய், எல்லாம் ஒரே முகத்தில் வந்து சேர்ந்திருந்தன. மூக்கு அன்று என் இடது பக்கம் சாய்ந்திருந்தது. முதலாளி கண்ணாடியைப் புரட்டிச் செருகிவிட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பதினான்கு மாதமும் நான் அவனைப் பார்த்தது கடையின் நிலைக்கண்ணாடியில். நேருக்கு நேர் வரும்போது வீட்டில் விளக்கு இருக்காது. நான் மனப்பாடம் செய்த முகம் கண்ணாடிக்குள் இருந்த முகம். கொராந்தன் முதல் குளிர்காலத்திலேயே அவனைச் சரியாகத்தான் வரைந்திருக்கிறான். ஊரெல்லாம் அழுதுகொண்டிருந்த அந்தச் சிப்பாய் இத்தனை நாளும் ஜெர்வேதான். அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நான் வாசித்திருக்கிறேன்.

என் கை கிண்ணங்களை விட்டு எப்போது எழுந்தது என்று தெரியாது. வாத்தியம் நின்றது. கூடம் முழுக்கச் சக்கரத்தின் கிறீச் மட்டும் கேட்டது. அதன் பின்னால் மோப்ராக் யாரையோ முணுமுணுவென்று திட்டுவதும் கேட்டது. பின்பெஞ்சில் ஒருவன் சிரித்தான். அவ்வளவுதான், இன்றோடு கடை மூடிவிடும் என்று நினைத்தேன். நினைத்தும் கையை இறக்க முடியவில்லை.

உர்சூல்தான் தொடங்கினாள். லூக் வராவிட்டாலும் லூக்கின் பாட்டு நிற்கக்கூடாது என்று நினைத்தாளோ என்னவோ. வாயைத் திறக்காமல் முனகினாள். பக்கத்தில் இருந்தவள் சேர்ந்தாள், பிறகு அந்த வரிசை, பிறகு கூடம். ஒருவரும் வேகமாகப் பாடவில்லை. நடனக்கூடத்தில் ஆடியவர்களும் அங்கே இருந்திருப்பார்கள், மீன் விற்றவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் செத்தவன் முன்னால் நிற்கும்போது யாருக்கு அவசரம் வரும்? மெதுவாக, இழுக்கவேண்டிய இடத்தில் இழுத்து, மூச்சு விடவேண்டிய இடத்தில் விட்டு முனகினார்கள். அந்த இடங்களை எல்லாம் நானே மூன்று வருடம் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

முன்னால் அவன் முகம் இருந்தது, வாயை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தபடி. பாட்டு என் தலைக்குப் பின்னால் கேட்டது. கடையில் எப்படியோ, அப்படியே.

அவன் செத்துவிட்டான் என்பது அப்போது எனக்குத் தெரிந்தது. எந்த அலுவலகமும் எழுதித் தரவில்லை, ஆனாலும் தெரிந்தது. உயிரோடு இருக்கிறவன் எட்டு வருடம் கழித்து அதே வயதோடு வரமாட்டான். பெட்டி திரையை நெருங்க, அவன் சிறுத்தான். ஆளுயரம், பிறகு முழ உயரம், பிறகு பதக்கத்துக்குள் வைக்கிற அளவு. பிறகு திரை கறுப்பானது.

பாட்டு மட்டும் இன்னும் நிற்கவில்லை. பின்னால், என் காதுக்கு அருகில், யாரோ மூச்சு விடுவதுகூடக் கேட்டது. திரும்பினால் அங்கே உர்சூல்தான் நிற்பாள் என்று எனக்குத் தெரியும்.

நான் தலையைத் திருப்பவில்லை.